பதினோரு டப்பாக்காரி

டப்பாக்காரி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்களில் பத்துப் பேரைத் தனியாகக் கூப்பிட்டால் ஏழு பேர் இந்த இனம். மீதி மூன்று பேர் இந்த இனம் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள். வயது நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து. அதற்கு முன்னால் டப்பாவில் போட ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பின்னால் டப்பா எங்கே இருக்கிறது என்று மருமகளுக்குத் தெரிந்துபோகும். நடுவில் வருகிற பத்து வருஷம்தான் இந்த இனத்தின் நல்ல காலம்.

அடையாளம் காண்பது சுலபம். "கொஞ்சம் காசு இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கைல ஏது டப்பு?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். கை சுத்தமாகத்தான் இருக்கும். பொய் சொல்லவில்லை, பாவம். கையில் இல்லை, டப்பாவில் இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஊர்.

எங்கள் தெருவில் இந்த இனத்துக்குத் தலைவி மணியம்மாள். எனக்குப் பக்கத்து வீடு. வயது நாற்பத்தொன்பது. பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங் வேலை. பெல்ட்டில் மூடிகள் ஓடி வரும். விரிசல் விட்டது, விளிம்பு உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். "என்னப் பத்தி எழுதிக்கோ சாராளு, ஆனா நான்னு தெரியக்கூடாது" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் பயமில்லாமல் மணியம்மாள் என்றே எழுதுகிறேன். எங்கள் தெருவில் நான்கு மணியம்மாள் இருக்கிறார்கள்.

மாதம் ஏழாம் தேதி அவளுக்குச் சம்பளம் பேங்கில் விழும். எட்டாம் தேதி ஒரு ரூபாய் விடாமல் எடுத்துவிடுவாள். பேங்கில் கிடந்தால் அது பேங்குக்காரன் காசு என்பது அவள் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் சமையற்கட்டில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, நோட்டு எண்ணுவாள். குழாய் எதற்கு? நோட்டு சலசலக்கிற சத்தம் புருஷன் காதில் விழக்கூடாது. எண்ணி முடிப்பதற்குள் குடம் நிரம்பி, தண்ணீர் வாசல் தாண்டி என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடும். வந்த தண்ணீரைப் பார்த்தே அந்த மாதம் அவளுக்கு ஓவர்டைம் எத்தனை நாள் என்று நான் சொல்லிவிடுவேன்.

எண்ணிய பணம் டப்பாவுக்குள் போகும். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவில் லட்டும் பொரியும் போட்டுத் தருவார்கள். பதினோரு வருஷம், பதினோரு டப்பா. ஒரே அளவு, ஒரே மூடி, ஒரே பளபளப்பு. ஒரு பிரசவத்தில் பிறந்த பதினோரு பிள்ளைகள் மாதிரி அலமாரியில் துணிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஒன்று திருவள்ளூர் பெருமாளுக்கு. தை அமாவாசைக்குப் போய்ச் செலுத்துவது. ஒன்று மகள் பூமிகாவின் பிரசவத்துக்கு. ஒன்று மகன் அன்பு வண்டி வாங்கிய தவணைக்கு, ஒன்று கேஸுக்கு, ஒன்று கரண்டுக்கு, ஒன்று கல்யாண வீடுகளில் எழுதுகிற மொய்க்கு, ஒன்று புருஷன் குப்புராஜின் நெஞ்சு வலிக்கு. அவருக்கு இதுவரை நெஞ்சு வலி வந்ததில்லை. வந்தால் டப்பா தயாராக இருக்கிறது. ஒன்று செத்துப்போன மாமியாரின் திதிக்கு. ஒன்று வேளாங்கண்ணி மாதாவுக்கு. "உங்க ஆளையும் உட்டுவைக்கக் கூடாது இல்ல?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்புறம் பொங்கல் துணிக்கு ஒன்று. அப்புறம் இன்னொன்று. அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கேஸ்காரர் வந்து நிற்கிறார், கேஸ் டப்பாவில் நாற்பது ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? அடுத்த டப்பாவிலிருந்து எடுப்போம். டப்பாக்காரி அப்படி எடுக்க மாட்டாள். அது அடுத்தவர் காசு. முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பிறகு டப்பாவிடம், "பூமிகா, தப்பா நெனச்சிக்காத, எட்டாந்தேதி குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு நாற்பது எடுப்பாள். எட்டாம் தேதி நாற்பத்திரண்டாகத் திருப்பிப் போடுவாள். இரண்டு ரூபாய் வட்டி. பொன்னேரியில் இருக்கிற பூமிகாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அந்த வாரம் பூமிகா போனில் கொஞ்சம் சுருக்கமாகப் பேசினால் இவள் என்னிடம் வந்து, "கோவமா கீறா சாராளு. நாப்பது ரூவா மேட்டர் அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிபோச்சி" என்பாள்.

டப்பா நிறைந்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைக்கிறீர்களா? பயப்படுவாள். காசு நிறைந்தது தெரிந்தால் மிக்ஸிக்கு மோட்டார் போகும், பல் வலிக்கும், சொந்தக்காரர் யாராவது செத்துப்போவார் என்று பயம். அதனால் நிறைகிற நேரத்தில் மேலே இருந்து பத்து ரூபாய் எடுத்துவிட்டு, "இன்னும் நெறையல, நெறையல" என்று மிக்ஸிக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை உரக்கச் சொல்வாள்.

தனக்கென்று ஒரு பொருள் வாங்கினால் அதற்கு ஒரு விலை கிடையாது. அறுநூற்றைம்பது ரூபாய்ப் புடவை புருஷனுக்கு முந்நூறு, எதிர்வீட்டுக்குத் தொள்ளாயிரம், தனக்கு "சும்மா கெடச்சா மாதிரி." ஆனால் சும்மா கிடைத்த அந்தப் புடவையைக் கட்டும்போதெல்லாம் யாரையோ ஏமாற்றிவிட்டவள் போலத் தெருவோரமாக நடப்பாள்.

எந்த டப்பா யாருடையது என்று அடியில் ஒரு சின்னத் தாளை ஒட்டி எழுதிவைத்திருந்தாள். மற்றவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று எறும்பு எழுத்தில், பென்சிலால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கண் அப்படி இருந்தது. இப்போது அந்த எழுத்து ஊரில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ரகசியம் என்றால் அதுதான் ரகசியம்.

வரிசை மாறாதவரை தொல்லை இல்லை. இடத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். போன போகிக்குக் குப்புராஜ் அண்ணன் வெள்ளையடிக்கிறேன் என்று அலமாரியைக் காலி செய்து, டப்பாக்களைக் கோணிப்பையில் போட்டு, சாயங்காலம் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் இஷ்டத்துக்கு எடுத்து அடுக்கிவிட்டார். "இன்னாத்துக்கு இத்தினி டப்பா? காயலான் கடைல போட்டா வெல வரும்" என்று வேறு சொன்னார். மணியம்மாள் சிரித்துக்கொண்டே அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு வலி டப்பா அன்றைக்கு அவளுக்கே தேவைப்பட்டிருக்கும்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே இருப்பதை வைத்துப் பிரித்தாள். மஞ்சள் துணி முடிச்சு இருப்பது பெருமாள். கரண்டு அட்டை இருப்பது கரண்டு. ஒற்றை ஒரு ரூபாய் நாணயங்களாக இருப்பது மொய். இப்படிப் பத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பதினோராவதில் ஓர் அடையாளமும் இல்லை. நூறு ரூபாய் நோட்டுகள் இருபத்தொன்பது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். யாருடையது? ஞாபகம் வரவே இல்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஜெகன் அவளைக் கூப்பிட்டான்.

"யம்மா, நீ பாஸ் பண்ண மூடில ஒண்ணு மூடியே இல்ல. சட்ட பட்டனு."

"ரவுண்டா இருந்துச்சே நைனா."

"ரவுண்டா இருந்தா பாஸ் பண்ணிடுவியா? நாளைக்கு தோச வந்தா?"

"தோசன்னா வாசன வருமே."

அவன் சிரிக்கவில்லை. "பேஜாரு பண்ணாதம்மா. அடுத்த புதன்கிழம எல்லாருக்கும் கண்ணு டெஸ்ட்டு. மூணாவது வரி வரைக்கும் படிக்கணும். படிக்கலன்னா கார்ட வாங்கிக்கினு அனுப்பிடுவாங்க. மேல இருந்து ஆர்டரு. என் கைல ஒண்ணும் இல்ல."

பதினோரு வருஷ வேலை. அது போனால் பதினோரு டப்பாவும் பட்டினி. மணியம்மாள் அன்று வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டாள். எண்ணுவதற்கு அல்ல, அழுவதற்கு. சம்பள நாள் இல்லாத நாளில் தண்ணீர் என் வாசலுக்கு வந்ததும்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

முதலில் ரயிலில் விற்கிற கண்ணாடி ஒன்று நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். மூடியெல்லாம் முட்டையாகத் தெரிந்தது. ஜெகனுக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருந்ததாம். "அது பரவால்ல, பொருத்தமாத்தான் இருந்துச்சி" என்றாள். பிறகு கடைத்தெருவில் கண்ணாடிக் கடைக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கே கண் பார்க்கிற பெண் ஷைனி. நல்ல பெண், பொறுமையாகப் பேசினாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு ரெண்டு பவர் சேர்த்துப் போடணும். மேல தூரத்துக்கு, கீழ கிட்டத்துக்கு. ரெண்டாயிரத்து எண்ணூறு ஆகும். ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டினா செவ்வாய்க்கெழம ரெடி."

"மேல வேணாம்மா. கீழ மட்டும் போடு. தூரத்துல எனக்கு ஒண்ணும் வேல இல்ல."

"டெஸ்ட்டுல போர்டு தூரத்துலதான் இருக்கும் ஆன்ட்டி."

"அப்போ ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டா எவ்ளோ?"

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் கடை வாசலைப் பார்த்தேன்.

சனிக்கிழமை குப்புராஜ் அண்ணன் காட்டுப்பள்ளிப் பக்கம் வாட்ச்மேன் டியூட்டிக்குப் போனதும், மணியம்மாள் டப்பாக்களைத் தரையில் வரிசையாக வைத்து ஒவ்வொருவரிடமும் கடன் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனத்தில்தான் சுவர்.

"பெருமாளே, ரெண்டு மாசத்துல வட்டியோட குடுத்துடறேன். இன்னா சொல்ற?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, உனக்கு இஷ்டமில்ல போல." பிறகு, "பூமிகா, அம்மாவுக்குக் கண்ணு தெரியலடி" என்றாள். உடனே மகள் குரலில் அவளே பதில் சொன்னாள்: "இன்னாம்மா நீ, ஏழாம் மாசத்துல வந்து கேக்குற?" அன்பு மாட்டேன் என்றான். நெஞ்சு வலி டப்பா, "இன்னிக்கே வந்துட்டா இன்னா பண்ணுவ?" என்றது. மாமியார் டப்பாவிடம் அவள் கேட்கவே இல்லை. உயிரோடு இருந்தபோதே கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது பதினோராவது. அதில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் இருக்கிறது. கண்ணாடிக்குப் போக, டீக்கும் மிச்சம். ஆனால் யாரிடம் கேட்பது? பெயர் தெரியாத ஆளிடம் எப்படிக் கடன் வாங்குவது? "ஒருவேள சாமி காசா இருந்தா? செத்தவங்க காசா இருந்தா?" பெயர் அடியில்தான் இருக்கிறது. படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி வாங்கக் காசு வேண்டும். காசை எடுக்கப் பெயரைப் படிக்க வேண்டும். இப்படி அவள் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தது சாயங்காலம் வரைக்கும்.

வேறு யாரையாவது படிக்கச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பீர்கள். நீங்கள் இன்னும் அந்த இனத்தைப் புரிந்துகொள்ளவில்லை. டப்பாவை ஆளுக்குக் காட்டுவதா? வேலை போனாலும் போகட்டும்.

செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று யாரோ பஸ்ஸில் சொன்னார்களாம். டப்பாவைக் கவிழ்த்து எடுத்தாள். வெயில் பட்டுப் பளபளத்தது, விரல் எங்கேயோ பட்டு அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. நாற்பத்துமூன்று பேர் பார்த்தார்கள். பத்துப் பேர் பௌர்ணமி வாழ்த்துச் சொன்னார்கள். ஜெகன், "நிலா சூப்பர்மா" என்று போட்டிருந்தான். அவனுக்கும் ஒரு கண் டெஸ்ட் வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. மணியம்மாள் முந்தானைக்குள் எதையோ மூடிக்கொண்டு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"சாராளு, ஒரு நிமிஷம் உன் கண்ணாடியக் குடேன்."

கொடுத்தேன். போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். "ஐயய்யோ, ரெண்டு டப்பா கீது."

"குடு, நான் படிக்கிறேன்."

"நீ படிச்சா உனக்குத் தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சா இன்னா மணி? புதன்கிழம வேல போயிடும். ஷைனி கட சாயங்காலம் மூடிடுவா."

"பைபிள் மேல சத்தியம் பண்ணு, யாருக்கும் சொல்லமாட்டேன்னு."

"நாங்க சத்தியம் பண்றதில்ல, மணி."

நெடுநேரம் யோசித்தாள். அவள் வேர்வை டப்பா மேல் சொட்டியது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "எழுத்த மட்டும் ஒண்ணொண்ணா சொல்லு. கூட்டாத. நான் கூட்டிக்கிறேன். உனக்குத் தெரியக்கூடாது."

ஆண்டவர் எனக்குக் கொடுத்த பொறுமையை எல்லாம் திரட்டிக்கொண்டு, என் கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் போட்டு, டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"ம."

"ம... மாமியார் காசேதான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாமியாருக்கு 'மா' வரணும். இது 'ம'. அடுத்தது 'ணி'."

"கூட்டாதேன்னு சொன்னேன் இல்ல?"

"கூட்டல. யோ. ட."

"உம்."

"க. ண். ணு."

அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

"க்." நான் கொஞ்சம் நிறுத்தினேன். "கு."

தெருவில் தண்ணீர் வண்டி போன சத்தம் கேட்டது. மணியம்மாள் உதடு மட்டும் அசைந்தது. ஒரு தடவை கூட்டினாள். இன்னொரு தடவை கூட்டினாள். நான் கூட்டவில்லை, கூட்டாமலே தெரிந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசியில் நூல் கோக்க முதல் தடவையாகத் திணறிய ஒருநாள், அவளே ஆரம்பித்த டப்பா. மாதம் நூறு, எப்போதாவது இருநூறு, கைப்பழக்கமாக விழுந்துகொண்டிருந்தது. பெயரை எழுதி வைத்துவிட்டு, கண் மங்க மங்க அந்தப் பெயரையும் மறந்துவிட்டிருக்கிறாள். மற்ற பத்துப் பேரையும் மறக்கவில்லை.

"எனக்கா?" என்றாள். யாரோ அவள் வீட்டு விலாசத்துக்குத் தப்பாகப் பார்சல் அனுப்பிவிட்ட மாதிரி.

"உனக்குத்தான். கெளம்பு, கடைக்குப் போலாம்."

கிளம்புவாள் என்றா நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி?"

"கேக்கணும் இல்ல?"

"யார?"

"டப்பாக்காரிய."

"நீதானடி டப்பாக்காரி!"

"அதான் சொல்றேன். அவ குடுக்கமாட்டா சாராளு. அவளப் பத்தி எனக்குத் தெரியாதா? சரியான கஞ்சம்."

நான் கோபப்படுகிறவள் இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் பட்டேன். "பெருமாளுக்குக் குடுக்குற, மாதாவுக்குக் குடுக்குற, செத்த மாமியாருக்கு வருஷா வருஷம் குடுக்குற. உசுரோட கீற ஒருத்தி ரெண்டாயிரத்து எண்ணூறு கேட்டா உனக்குக் குடுக்க மனசு வர்ல இல்ல?"

அவள் அழுதாள். குழாய் இல்லாமல் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வட்டி போட்டுக் கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"எவ்ளோ போடலாம்?"

"நாப்பதுக்கு ரெண்டு போடு. வழக்கமா போடறதுதான்."

டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மிக மெதுவாக, அறிமுகமில்லாத பெரிய வீட்டு அம்மாவிடம் பேசுகிற மாதிரி, "யம்மா, கண்ணு தெரியல. வேல போயிடும். மாசம் நூறு, வட்டியோட குடுத்துடறேன். மனசு வைங்கம்மா" என்றாள். தன்னைத் தானே அவள் 'வாங்க போங்க' என்று கூப்பிட்டுக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

மனசு வைத்தாள் போலிருக்கிறது. கடை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

புதன்கிழமை மூன்றாவது வரி என்ன, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, போர்டை அச்சடித்த கடையின் பெயரையும் படித்துக் காட்டினாளாம். வேலை நிலைத்தது. இப்போது ஜெகனுக்கு வேறு தலைவலி. "யம்மா, பத்து மூடில எட்ட ரிஜக்ட் பண்றியே, கம்பெனி எப்படி ஓடும்?" என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். கண்ணாடி என்ன விலை என்று குப்புராஜ் அண்ணன் கேட்டதற்குக் கம்பெனியில் கொடுத்தார்கள் என்றாள். எதிர்வீட்டுக்கு ஐயாயிரம்.

கடன் இன்னும் அடைபடவில்லை. முதல் இரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டினாள். போன மாதம் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, கட்ட முடியவில்லை. அன்றிலிருந்து அலமாரிப் பக்கம் நேராகப் போவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகப் போகிறாள். துணி எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்கிறாள். கேட்டேன். "அவ பாத்தா கேப்பா சாராளு. வட்டி பாக்கி கீது" என்றாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்று. டப்பா டப்பா என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது உங்கள் மனசு உங்கள் வீட்டில் ஓர் இடத்துக்குப் போய்வந்ததே, புளிப்பானைக்குப் பின்னாலோ, பழைய கைப்பையின் கிழிந்த உள்பக்கத்திலோ, தலையணை உறைக்குள்ளோ, அதை இன்று ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். யார் யார் பெயரெல்லாம் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று நிதானமாகக் கூட்டிப் படியுங்கள்.

என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் யாரும் பார்க்க வேண்டாம். அங்கே ஒன்றும் இல்லை. என் கையில் ஏது காசு?